கார்தாக்கைப் பூதம் விழுங்கிய வருடம்

படகோட்டி கார்தாக் அறுபத்திரண்டு வயது வரை இருந்தான். அதில் அறுபத்தொரு வருடத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். சானன் ஆற்றின் இந்தக் கரையில் படகைத் தள்ளுவான், அந்தக் கரையில் இழுத்துப் போடுவான். நடுவில் பாடுவான், பாட்டு நன்றாக இருக்காது. ஏறியவர்கள் கூலியாக ஒரு பிடி வெண்ணெயோ, ஓட்ஸ் ரொட்டியோ, ஒரு குவளை பார்லிக் கள்ளோ கொடுப்பார்கள். கள்ளாகக் கொடுத்தால் முகம் மலரும். உடம்பு பெரிய உடம்பு, பசி அதைவிடப் பெரியது. எங்கள் பக்கத்தில் விருந்து வைக்கிறவர்கள், "கார்தாக்கைச் சேர்த்து எத்தனை பேர், சேர்க்காம எத்தனை பேர்?" என்று இரண்டு கணக்கு கேட்டுக்கொள்வது வழக்கம்.

மிச்சமிருக்கிற அந்த ஒரு வருடத்தில் அவன் செத்துப்போனான். சொல்ல வேண்டியது அதைப் பற்றித்தான்.

படகு அவனுடையது. துறை மட்டும் க்ளூன் துவாக் மடத்தின் துறை. அவன் தாத்தா காலத்தில் மடம் எழுதிக் கொடுத்த உரிமை அது: அந்தக் குடும்பத்தில் ஆள் உயிரோடு இருக்கும் வரை துறையில் வேறு யாரும் படகு விடக்கூடாது; பதிலுக்குத் துறவிகளைக் கூலியில்லாமல் ஏற்றிச் செல்ல வேண்டும். கார்தாக்குக்கும் அவன் மனைவி லஸ்ஸருக்கும் பிள்ளையில்லை. ஆக, அவன் மூச்சு நின்றால் துறை மடத்துக்குத் திரும்பிவிடும். மடாதிபதி தூன்கலுக்கு எர்க் என்று ஒரு தங்கை மகன். தின்பதையும் தூங்குவதையும் தவிர வேறெதிலும் கை வைக்காத பிள்ளை. அவனுக்கு ஒரு பிழைப்பு வேண்டும் என்று மடாதிபதி பல வருடமாக ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

மடத்தில் ஒரு புத்தகம் உண்டு. எந்த வருடம் ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்ற பட்டியல். கன்றுத்தோல் பக்கங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரே ஓரத்தில் ஒரு வரி எழுதும் அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். அந்த வருடத்தில் உலகத்தில் நடந்த பெரிய விஷயத்தை அதில் எழுத வேண்டும். ஒரு வருடத்துக்கு ஒரு வரி. அரசன் செத்தால் அரசன், மாடுகளுக்குக் கோமாரி வந்தால் கோமாரி. எழுதுகிறவர் துறவி மோக்தா. நல்ல கையெழுத்து, நல்ல மனசு, நல்ல தொப்பை.

இந்த வருடம் பாருங்கள், ஒன்றுமே நடக்கவில்லை. அரசர்கள் எல்லோரும் கல்லுக்குண்டாக இருந்தார்கள். மாடுகள் கன்று போட்டன. வானத்தில் வால் நட்சத்திரம் இல்லை, கடலில் வடநாட்டுக் கொள்ளைக் கப்பல் இல்லை. மனிதனாகப் பிறந்தவன் இதற்கு நன்றியல்லவா சொல்ல வேண்டும்? மடாதிபதிக்கு மட்டும் வயிற்றெரிச்சல். ஏனென்றால் அக்கரை மடத்தில் இரண்டு தலைக் கன்றுக்குட்டி பிறந்திருப்பதாகச் செய்தி வந்துவிட்டது. யாத்திரைக்காரர்கள் எல்லோரும் நேரே அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஓய் மோக்தா," என்றார் மடாதிபதி, "அவங்களுக்கு ரெண்டு தலை. நமக்கு ஒண்ணுமில்லயா? நம்ம புனிதர் என்ன தூங்குறாரா?"

"போய்ப் பார்த்துட்டு வரேன் சாமி. ஒரு தலையைத் தச்சு வச்சிருந்தாலும் வச்சிருப்பானுங்க," என்றார் மோக்தா.

போனார். கன்று நிஜமாகவே இரண்டு தலையோடு இருந்தது. அந்தத் துக்கத்தில் அக்கரை மடத்தின் சனிக்கிழமை விருந்தில் உட்கார்ந்தவர், ஞாயிறு காலையில்தான் எழுந்தார். எங்கள் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை பயணம் போகக் கூடாது, படகு விடக் கூடாது, சட்டமே அப்படி. ஆனால் மோக்தா பூசைக்குள் மடத்தில் இல்லையென்றால் மடாதிபதி தோலை உரித்துவிடுவார். இக்கரையில் கார்தாக் தன் படகில் காலை நீட்டிப் படுத்திருந்தான். மோக்தா அந்தக் கரையிலிருந்து கத்தினார்.

"எப்பா கார்தாக்! சீக்கிரம் வாப்பா!"

"இன்னிக்கு ஞாயிறு சாமி!"

"தெரியும்டா! அடிச்ச கள்ளுல ஒரு தோல்பை நிறைய மிச்சம் வச்சிருக்கேன்!"

கார்தாக் வந்தான். மோக்தாவை இக்கரையில் இறக்கிவிட்டான். இனாமாக வந்த தோல்பையைப் படகிலேயே காலி செய்தான். அப்போது துடுப்பு ஒன்று கை நழுவி ஆற்றோடு போக, அதைப் பிடிக்கப் படகைத் தள்ளிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போனான். மடத்துச் சரிவில் ஏறிக்கொண்டிருந்த மோக்தா சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். பெரிதாகத் தண்ணீர் எழும்பி அடங்கியது. படகு மட்டும் மிதந்தது. ஆள் இல்லை.

கார்தாக் உடம்பு தண்ணீரில் விழுந்தால் அப்படித்தான் எழும்பும். ஆனால் ராத்திரியெல்லாம் குடித்த கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. தன்னால் ஒரு மனிதன் போய்விட்டான் என்ற பயம் வேறு. திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக நாலு நாள் வாயைத் திறக்காமல் இருந்தார் மோக்தா. மடாதிபதி விசாரித்தபோது, "பூதம் சாமி, ஆத்துப் பூதம். வாலைப் பார்த்தேன்," என்றார். தான் ஏறி வந்ததை விட்டுவிட்டார். கார்தாக் ஞாயிற்றுக்கிழமை படகு விட்டதை விடவில்லை.

மடாதிபதியின் முகத்தில் விடிந்தது. ஞாயிறைக் கெடுத்த படகோட்டியைப் பூதம் விழுங்கியது! அக்கரைக்காரர்கள் இரண்டு தலையை வைத்துக்கொள்ளட்டும். இது பாவம், தண்டனை, பூதம் மூன்றும் சேர்ந்த சரக்கு. அந்த வருடத்து வரியில் ஏறியது. எர்க் துறையில் ஏறினான். குளிர்காலம் முடிவதற்குள் யாத்திரைக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

லஸ்ஸர் ஒரு மாதம் அழுதாள். பொய்யாக அல்ல, நிஜமாகவே. பிணமும் கிடைக்காமல், புதைக்க ஒரு குழியும் இல்லாமல், ஆற்றைப் பார்த்துப் பார்த்து அழுதாள். பிறகு வயிறு என்று ஒன்று இருக்கிறதே, துறையில் அடுப்பை வைத்து ஓட்ஸ் ரொட்டி சுட்டு விற்க ஆரம்பித்தாள். பூதம் விழுங்கியவனின் மனைவி சுட்ட ரொட்டி என்றால் யாத்திரைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

கார்தாக் என்ன ஆனான் என்றால், ஆறு அவனை உருட்டிக்கொண்டே போய், கீழே பெரிய ஏரியில் ஒரு தீவில் ஒதுக்கியது. வழியில் ஒரு கட்டை மோதிக் கால் முறிந்திருந்தது. தீவில் ஆடு மேய்க்கிற இரண்டு பேர் காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டி, ஆட்டுப்பால் ஊற்றிக் காப்பாற்றினார்கள். ஐந்து மாதம் கூரையைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். நீச்சல் தெரியாதா என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்துப் படகோட்டி எவனுக்கும் தெரியாது. ஆறு கேட்டவன் நீந்தித் தப்பினால் அது வேறொருவனை எடுக்கும் என்று பயந்து கற்றுக்கொள்வதே இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, ஒரு காலை இழுத்து இழுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

துறையில் லஸ்ஸர் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். பார்த்தாள். கையிலிருந்த புரட்டுக் கட்டையால் அவன் தோளில் ஒரு போடு போட்டாள். கட்டை பட்டது, ஆவி இல்லை என்று தெரிந்தது. இன்னொன்று போட்டாள். பிறகு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஆறு அதிரும்படி அழுதாள்.

"பாவி மனுஷா! உன் காரியத்துக்கு ஊரைக் கூட்டி ஒரு முழுப் பன்னி அடிச்சுப் போட்டேனே!"

"பன்னியா?" என்றான் கார்தாக், அவனும் அழுதுகொண்டே. "நான் இல்லாம எப்படிடீ தின்னாங்க?"

"அதான் மிச்சமே இருந்துச்சு. அப்பத்தான் நீ நெசமாவே போயிட்டேன்னு நம்பினேன்."

அழுது முடித்துப் பார்த்தால், அவன் படகில் எர்க் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கார்தாக் அவனை ஒரு உலுக்கு உலுக்கினான். எர்க் கண்ணைத் திறந்து, "நீ செத்தவன். எங்க மாமாகிட்ட பேசிக்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

மாமாவிடம் போனான்.

"யாரப்பா அது?" என்றார் மடாதிபதி, நன்றாகத் தெரிந்தும்.

"நான்தான் சாமி, கார்தாக்."

"கார்தாக் செத்துட்டானே."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. என்கிட்ட மட்டும் யாரும் சொல்லல."

"புஸ்தகத்துல இருக்குப்பா. தோல்ல மையால எழுதினது. இன்னிக்கு உனக்காக அதைச் சுரண்டினா, நாளைக்கு ஒருத்தன் வந்து, எங்க ராஜா அந்தச் சண்டையில தோக்கவே இல்ல, அதையும் சுரண்டுன்னு நிப்பான்."

"ஆனா அது பொய்யில்லயா சாமி? இதோ நிக்கறேனே?"

"எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல. நீ திரும்பி வந்ததுதான் ஒழுங்கீனம்," என்றார் மடாதிபதி. "இருந்தும் கெடுத்தான் செத்தும் கெடுத்தான்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ செத்துப் பொழைச்சு வேற கெடுக்கற."

அவ்வளவுதான். புத்தகத்தில் கார்தாக் இறந்திருக்கும் வரை துறை எர்க்குடையது. துறை இல்லாவிட்டால் கார்தாக்குக்கு இருப்பது ஒரு நொண்டிக் காலும் ஒரு கெட்ட குரலும்தான். படகைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியாது.

எங்கள் நாட்டில் பெரிய இடத்தின்மேல் வழக்கு வந்தால் ஏழைக்கு ஒரு வழி உண்டு. அவர்கள் வாசலில் போய் உட்கார்ந்து பட்டினி கிடக்க வேண்டும். அவன் பட்டினி கிடக்கும்வரை உள்ளே இருப்பவர்களும் சாப்பிடக் கூடாது. சாப்பிட வேண்டுமென்றால் அவன் கேட்டதற்கு வழி சொல்ல வேண்டும். வழி சொல்லாமல் ஒரு வாய் தின்றாலும் அந்த வீட்டின் மானம் போயிற்று. அதன்பிறகு அவர்களுக்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, மடமானால் காணிக்கைகூட. அரசனுக்கும் இதே சட்டம், ஆயருக்கும் இதே சட்டம்.

கார்தாக் இந்த யோசனையைச் சொன்னபோது லஸ்ஸர் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் ரொட்டி இரண்டு கருகிவிட்டது.

"நீயா? பட்டினியா? ஒரு ரொட்டிக்கும் அடுத்த ரொட்டிக்கும் நடுவுல பெருமூச்சு விடற ஆளு நீ!"

"சிரிக்காதடீ. நாளைக்கே போய் உட்காரப் போறேன்."

"நாளைக்கு ஈஸ்டர் ஞாயிறு. ஞாயித்துக்கிழமை பட்டினி இருந்தா பாவம். அந்த ஞாயிறு வம்பே இன்னும் தீரல, இதுக்கு வேற ஒரு பூதம் வந்துடப்போவுது. திங்கக்கிழமை போ."

இந்த ஒரு நாள் தாமதம் மடத்துக்கு எமனாக வந்தது. துறவிகள் தவக்காலத்தில் நாற்பது நாள் கஞ்சியும் வெங்காயத்தாளுமாகக் காய்ந்து கிடந்தவர்கள். ஈஸ்டர் ஞாயிறு அன்று பன்றிக்கறி, வெண்ணெய், தேன், முட்டை என்று வயிற்றுக்கு ருசி காட்டிவிட்டார்கள். மறுநாள் காலை மிச்சத்தைச் சூடு பண்ணலாம் என்று எழுந்து வந்தால், வாசலில் குந்தியிருக்கிறான் கார்தாக்.

முதல் நாள் மடாதிபதி கவலைப்படவில்லை. "செத்தவன் பட்டினி கிடந்தா சட்டப்படி செல்லாது," என்று அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு யாரும் சாப்பாட்டு அறைப் பக்கம் போகவில்லை. "ஒரு நாள் பக்திக்காகச் சாப்பாட்டை விட்டுடுவோமே," என்றார் மடாதிபதி, யாரையும் பார்க்காமல்.

கார்தாக்குக்கு அந்த ஒரு நாளிலேயே உலகம் வேறு நிறமாகத் தெரிந்தது. மடத்துப் பசு கடந்து போனபோது அதைக் கண்ணால் துண்டு துண்டாக வெட்டினான். சாயங்காலம் லஸ்ஸர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போதும்யா, எழுந்து வா. ரொட்டி வியாபாரத்துலயே ரெண்டு பேரும் பொழைச்சுக்கலாம்."

"நீ சுடுவ. நான் என்ன பண்ணுவேன்?"

"தின்னுவ."

அவன் சிரிக்கவில்லை. "அஞ்சு மாசம் படுத்துக்கிட்டே தின்னேன் லஸ்ஸர். மனுஷன் பொழைப்பா அது? தண்ணி சத்தம் கேக்கும், போக முடியாது. இன்னொரு தடவை என்னால அப்படிக் கெடக்க முடியாது," என்றான். லஸ்ஸர் அதற்கப்புறம் அவனை எழுந்து வரச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பதைத் துறவிகள் மெய்ப்பித்தார்கள். பொறுமை பறந்தது. ஜெபத்தில் சங்கீதத்தின் நடுவே ஒருவர் வெண்ணெய் என்று சொல்லிவிட்டார். மோக்தா தூணைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாசல் பக்கம் வரும்போதெல்லாம் கார்தாக் அவரையே பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை, யாத்திரைக்காரர்கள் முப்பது பேர் வடக்கிலிருந்து வந்து இறங்கினார்கள். வாசலில் உட்கார்ந்திருந்தவனிடமே ஒரு கிழவர் விசாரித்தார்.

"ஏம்ப்பா, பூதம் ஒரு படகோட்டியை முழுங்கின எடம் எது?"

"நடு ஆறு. வழிகாட்ட எழுந்திருக்க முடியாது, மன்னிக்கணும். நான்தான் அந்தப் படகோட்டி."

"உன்னையா முழுங்குச்சு?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்களாம்."

"உள்ள எப்படி இருந்துச்சு?"

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது தாத்தா, உள்ள என்ன எழுதியிருக்குன்னு நானே பார்க்கல," என்றான் கார்தாக். கிழவர் பூதத்தின் உட்பக்கத்தைக் கேட்கிறார் என்பது மூன்று நாள் பட்டினியில் அவனுக்கு உறைக்கவில்லை.

ஒரு நாழிகைக்குள் விஷயம் முப்பது வாயில் புகுந்து புறப்பட்டது. மடத்துக்குள் காதோடு காதாகப் பேச்சு போயிற்று. மடாதிபதிக்கு வேறு வழியில்லை. விருந்தாளி வந்தால் சாப்பாடு போட வேண்டும், அதுவும் எங்கள் சட்டம்தான். விருந்தாளி சாப்பிடும்போது வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், வாசலில் இருப்பவன் உயிருள்ளவன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அவர் எழுந்து நின்று உரக்கச் சொன்னார்:

"வாசல்ல இருக்கறது கார்தாக் இல்ல. அவன் உருவத்துல வந்த பிசாசு. பிசாசுக்குப் பயந்து நாம பட்டினி கெடக்கணுமா? மணியை அடிங்கப்பா!"

மணி அடித்தது. சாப்பாட்டு அறைக் கதவுகளைத் திறந்து வைத்தார்கள். நீளப் பலகையின் ஒரு பக்கம் துறவிகள், மறுபக்கம் யாத்திரைக்காரர்கள். ஈஸ்டர் பன்றியின் மிச்சத்தைத் தேன் தடவி மறுபடி வாட்டியிருந்தார்கள். மடாதிபதியின் தட்டில் ஒரு முழுத் துடை. கொழுப்பு வழிந்து பலகையில் சொட்டியது. அந்த வாசனை முற்றத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தபோது கார்தாக் கண்ணை மூடிக்கொண்டு தரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

லஸ்ஸர் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. விறுவிறுவென்று முற்றத்தைக் கடந்து, சாப்பாட்டு அறை வாசற்படியில் போய் நின்றாள். இடுப்பில் கை.

"சாப்பிடுங்க சாமி," என்றாள்.

யாரும் அசையவில்லை.

"ஏன் பார்த்துக்கிட்டு இருக்கீங்க? எம்புருஷன்தான் செத்துட்டானே. நீங்கதானே எழுதினீங்க. செத்தவன் பட்டினி கெடந்தா என்ன, விருந்து தின்னா என்ன? சாப்பிடுங்க. ஆறிப்போவுது பாருங்க."

இளந்துறவி ஒருவர் ரொட்டியை எடுத்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். வைத்துவிட்டார். மடாதிபதி எல்லோருக்கும் வழிகாட்ட வேண்டியவர். துடையை இரண்டு கையாலும் தூக்கினார். வாய் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. முப்பது யாத்திரைக்காரர்களும் அந்தக் கறித்துண்டையே பார்த்தார்கள். கடித்தால், வெளியே இருப்பவன் நிஜமாகவே கார்தாக்காக இருந்துவிட்டால், இனி மடத்துக்கு ஒரு பிடி ஓட்ஸ்கூட எவனும் அளக்க வேண்டியதில்லை. இருந்துவிட்டால் என்ன, அவன்தான் என்று அவருக்குத் தெரியும். அத்தனை பேருக்கும் தெரியும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்களே, அதை நான் பழமொழியாகத்தான் கேட்டிருந்தேன். அன்றைக்கு எங்கள் ஊர் கண்ணால் பார்த்தது.

துடை மெல்லத் தட்டுக்கு இறங்கியது. வடக்கிலிருந்து வந்த கிழவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்.

"பிசாசுக்கு இவ்வளவு மரியாதை நான் எங்கயும் பார்த்ததில்ல," என்றார்.

மடாதிபதி கெட்டிக்காரர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அதே இடத்தில், அதே மூச்சில், புது வழி கண்டுபிடித்தார். கார்தாக்கை உள்ளே கூட்டிவரச் சொன்னார். லஸ்ஸர் தோள் கொடுக்க அவன் நடந்து வந்தான்.

"மகனே," என்றார் மடாதிபதி. திடீரென்று மகன்! "நீ செத்தது உண்மை. இப்ப உயிரோட இருக்கறதும் உண்மை. அப்படின்னா என்ன அர்த்தம்? நம்ம புனிதர் உன்னைப் பூதத்தோட வயித்துலேர்ந்து எழுப்பிக் கொடுத்திருக்கார். அதே வரியில ஓரமா நாலு வார்த்தை சேர்த்துடுவோம். நீ இனிமே துடுப்புப் போட வேணாம். வாசல்ல உட்கார்ந்திரு, வர்றவங்க உன்னைப் பார்க்கட்டும். சாகற வரைக்கும் மடத்துச் சாப்பாடு. பன்னிக்கறி உள்பட."

"துறை?" என்றான் கார்தாக்.

"அது எர்க்கிட்டயே இருக்கட்டும். உயிர்த்தெழுந்தவன் போய்ப் படகு விட்டா நல்லாவா இருக்கும்?"

யாத்திரைக்காரர்கள் மத்தியில் ஒரு முணுமுணுப்பு. அவர்களுக்கு இந்தக் கதை இன்னும் பிடித்திருந்தது. பன்றித் துடை பக்கத்திலேயே ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்க," என்றான் கார்தாக்.

மோக்தா புத்தகத்தைக் கொண்டுவந்தார். படித்தார்: "இந்த வருடம், ஆண்டவருடைய நாளைக் கெடுத்துப் படகோட்டிய கார்தாக் என்பவனை, ஏழு துடுப்பு நீளமுள்ள பூதமொன்று நடு ஆற்றில் எழும்பி, படகைத் தொடாமல் ஆளை மட்டும் விழுங்கிற்று."

கார்தாக் பக்கத்தை எட்டிப் பார்த்தான். "இதுக்கு மேல என்ன எழுதியிருக்கு?"

"ராஜா ஒருத்தர் செத்தது. அதுக்கு மேல ஒரு ஆயர். அதுக்கு மேல ராஜா."

"அவங்களுக்கு அடுத்து நானா?"

"அவங்களுக்கு அடுத்து நீ."

"இன்னொரு தடவை படிங்க சாமி."

மோக்தா படித்தார். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னான். இந்த மனிதனைப் பற்றி அதுவரை உலகத்தில் யாரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. இனியும் எழுதப் போவதில்லை, அது அவனுக்குத் தெரியும். ஏழு துடுப்பு நீளம்! அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நல்லா எழுதியிருக்கீங்க சாமி," என்றான். "ஞாயித்துக்கிழமை நான் யாரை ஏத்திட்டு வந்தேன்னு மட்டும் விட்டுப்போச்சு."

மோக்தாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மடாதிபதி மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"ஒரு வரிக்குத்தான்ப்பா எடம்," என்றார் மோக்தா, அழாத குறையாக.

அறை முழுக்கச் சிரித்தது. கார்தாக் சிரிக்கவில்லை. லஸ்ஸரைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். வாசலில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்கள் விரலால் தொட்டுப் பார்க்க, சாகும் வரைக்கும் வயிறாரத் தின்றுகொண்டு ஒரு பிழைப்பு. கீழே ஆறு ஓடிக்கொண்டேயிருக்கும். எர்க் அதில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

"சுரண்டுங்க," என்றான்.

"யோசிச்சுச் சொல்லு," என்றார் மடாதிபதி. "சுரண்டினா போனதுதான். உன் பேரு இந்த உலகத்துல எங்கயும் இருக்காது."

"படகு இருக்குமில்ல? சுரண்டுங்க."

சட்டம் சட்டம்தான், முப்பது சாட்சி எதிரே உட்கார்ந்திருந்தது. மடாதிபதி தலையசைத்தார். மோக்தா பேனாக்கத்தியை எடுத்து அந்த வரியின்மேல் வைத்தார். பூதம் போயிற்று. ஏழு துடுப்பு போயிற்று. கார்தாக் குனிந்து, தன் பெயர் தூளாகி உதிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்று நாள் பட்டினிக் கை, பழைய கன்றுத்தோல், பக்கத்தில் பன்றிக்கறி வாசனை. அந்தப் பெயரின்மேல் கத்தி ஒரு அழுத்து அதிகமாக அழுந்திவிட்டது.

மோக்தா பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மறுபுறம் திருப்பிப் பார்த்தவர், ஓட்டையில் வைத்த விரலை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாச்சு?" என்றார் மடாதிபதி.

"பின்பக்கம் சாமி... உங்க பாட்டனார். ஆறு நாட்டை ஜெயிச்ச மகாராஜா இறந்த வரி."

"அதுக்கென்ன?"

"ஆறு நாடும் இருக்கு. பாட்டனார் பேரைத்தான் காணோம்."

மடாதிபதி புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். ஓட்டை வழியாக எதிர்ப்பக்கம் கார்தாக்கின் கண் தெரிந்தது. அவனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தான். மூன்று நாளாக ஒன்றுமில்லாத வயிறு. சிரிக்க வலித்தது, பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"படகோட்டி தனியா போவானா சாமி? ராஜாவையும் ஏத்திக்கிட்டுத்தான் போயிருக்கேன்," என்றான். பிறகு மடாதிபதியின் தட்டிலிருந்த பன்றித் துடையை எடுத்துக்கொண்டான். "கூலிக்கு இது இருக்கட்டும்."